மிகை வியர்வைக்கு அறுவை சிகிச்சை: உடனடிப் பயனும் நெடுங்கால விளைவும்

உள்ளங்கை ஓயாமல் வியர்ப்பதை நம்மில் பலர் ஒரு நோயாகக் கருதுவதில்லை. அதனால் அவதியுறுவோரும் நெடுநாள் வெளியில் சொல்வதில்லை. தேர்வு எழுதும்போது விடைத்தாள் நனைந்து மை கலைகிறது. கைரேகைக் கருவி விரலை ஏற்க மறுக்கிறது. பிறர் கை நீட்டினால் கும்பிட்டு விலக வேண்டியிருக்கிறது. பட்டறையில் மெருகிட்ட இரும்பைத் தொட்டால் மறுநாள் அதில் விரல் பதிந்த இடத்தில் துரு ஏறுகிறது. அயனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் தொழிற்கூடங்களில் பணிபுரிவோரும் மாணவரும் மிகுதி. ஆதலால் இத்தகைய குறைகளுடன் வருவோர் எங்களுக்குப் புதியவர் அல்லர். அவர்களுள் பலர் வரும்போதே ஒரு கேள்வியுடன் வருகின்றனர்: "ஒரே அறுவையில் இது நின்றுவிடுமாமே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை, அதாவது ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து நிகழ்வதை, அறுவைக்கு முன்னரே அறிந்திருக்க வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வியர்வை எவ்வாறு சுரக்கிறது?

நம் உடலில் ஏறத்தாழ 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை உடலெங்கும் பரவியிருப்பினும், உள்ளங்கை, உள்ளங்கால், நெற்றி, அக்குள் ஆகிய இடங்களில் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. உடலின் வெப்பம் ஏறும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் அதனை உணர்ந்து, பரிவு நரம்புகளின் வழியே சுரப்பிகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட, சுரப்பி நீரைச் சுரக்கிறது. அந்நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சுரக்கும் வியர்வை சற்று வேறுபட்டது. அது வெப்பத்தைவிட அச்சம், பதற்றம், எதிர்பார்ப்பு போன்ற மனநிலைகளுக்கே மிகுதியாக எழுகிறது. மிகை வியர்வை உடையவர்களின் சுரப்பிகளில் குறை எதுவும் இல்லை. அவற்றின் எண்ணிக்கையும் மிகுதியன்று. அவற்றை இயக்கும் பரிவு நரம்புகளே தேவைக்கு மேல் தூண்டப்படுகின்றன. சுரப்பியை விட்டு நரம்பைத் துண்டிக்கும் அறுவை தோன்றியதற்கு இதுவே காரணம்.

இது தனி நோயா, வேறு நோயின் அறிகுறியா?

முதலில் தெளிவு பெற வேண்டிய கேள்வி இது. மருத்துவர்கள் மிகை வியர்வையை இரு வகையாகப் பிரிக்கின்றனர்.

முதல் வகை, வேறு காரணம் ஏதுமின்றித் தானே தோன்றுவது. அது பெரும்பாலும் சிறு வயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும். இரு கைகளிலும் அல்லது இரு அக்குள்களிலும் ஒரே சீராக இருக்கும். உறங்கும்போது நின்றுவிடும். குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருப்பதும் உண்டு. ஆறு மாதங்களுக்கு மேலாக நீடித்து, வாரம் ஒரு முறையேனும் அன்றாட வேலைக்கு இடையூறு செய்தால் இவ்வகையெனக் கொள்ளலாம். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மக்களுள் 2.8 விழுக்காட்டினருக்கு மிகை வியர்வை இருப்பதாகத் தெரிய வந்தது. இது அரிய நோய் அன்று என்பதற்கு அந்த எண்ணே சான்று.

இரண்டாம் வகை, உடலிலுள்ள வேறொரு கோளாற்றின் வெளிப்பாடு. இது பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி, உடல் முழுவதும் பரவும், உறக்கத்திலும் தொடரும். காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு நோயாளருக்குச் சர்க்கரை தாழ்தல், மாதவிடாய் நிற்கும் பருவம், நிணநீர்ப் புற்றுநோய், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இரவில் ஆடை நனையும்படி வியர்ப்பதுடன் காய்ச்சலும் எடைக்குறைவும் இருமலும் சேர்ந்தால் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காண வேண்டும். இவ்வகைக்கு நரம்பு அறுவை செய்தல் தவறு. அடிப்படை நோய்க்கே சிகிச்சை செய்ய வேண்டும்.

மிகை வியர்வையின் கடுமையை நான்கு நிலைகளாக மதிப்பிடுவது வழக்கம். பிறர் கவனத்துக்கு வராதது, வேலைக்கும் தடையாகாதது முதல் நிலை. பொறுத்துக்கொள்ளக்கூடியது, சில வேளை இடையூறு தருவது இரண்டாம் நிலை. பொறுத்துக்கொள்வது அரிதானது, அடிக்கடி இடையூறு தருவது மூன்றாம் நிலை. பொறுக்கவே இயலாதது, எப்போதும் இடையூறு தருவது நான்காம் நிலை. அறுவை பற்றிய பேச்சு மூன்றாம், நான்காம் நிலையினருக்கு மட்டுமே உரியது.

அறுவைக்கு முன் ஏற வேண்டிய படிகள்

அறுவை என்பது கடைசிப் படி. அதற்கு முன் உள்ள படிகள் ஒவ்வொன்றையும் முறையாகவும் போதிய காலமும் முயன்று பார்த்திருக்க வேண்டும்.

முதற்படி, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு. இரவில், நன்றாக உலர்ந்த தோலில் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரமான தோலில் தடவினால் எரிச்சல் உண்டாகும். அக்குள் வியர்வைக்கு இது மிகவும் பயன்படும். உள்ளங்கைக்குச் சற்றுக் குறைவாகவே பயன்படும்.

இரண்டாம் படி, அயன்டோஃபோரெசிஸ் எனப்படும் மின்நீர்ச் சிகிச்சை. ஆழமற்ற தட்டுகளில் குழாய் நீரை ஊற்றிக் கைகளையோ பாதங்களையோ அதில் வைத்து, மிகச் சிறு மின்னோட்டத்தை 20 முதல் 30 நிமிடம் செலுத்துவர். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறையும், பயன் கண்டபின் வாரத்துக்கு ஒரு முறையும் செய்துகொள்ள வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கருவுற்ற பெண்களும் இதனைத் தவிர்க்க வேண்டும். உடலில் உலோகத் தகடு பொருத்தியவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாம் படி, மாத்திரைகள். ஆக்ஸிபுட்டினின், கிளைக்கோபைரோலேட் ஆகியவை அசிட்டைல்கோலினின் செயலைத் தடுத்து வியர்வையைக் குறைக்கின்றன. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவை பக்கவிளைவுகள். கண்ணழுத்த நோயின் சில வகைகளும் சிறுநீர் தேங்கும் சிக்கலும் உடையவர்களுக்கு இவை ஆகா. மேலும் ஓர் எச்சரிக்கை: இம்மாத்திரைகள் உடல் முழுவதும் வியர்வையைக் குறைப்பதால், சித்திரை, வைகாசி வெயிலில் திறந்தவெளியில் உழைப்போருக்கு வெப்பத்தாக்கு நேரும் அபாயம் கூடும். மருத்துவரின் சீட்டின்றி இவற்றை வாங்கி உட்கொள்ளலாகாது.

நான்காம் படி, போட்டாக்ஸ் ஊசி. அக்குள் வியர்வைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் இதற்கு ஒப்புதல் வழங்கியது. ஒரு முறை போட்டால் ஏறத்தாழ ஆறு மாதம் பலன் தரும். பின்னர் மீண்டும் போட வேண்டும். உள்ளங்கையில் போடும்போது வலி மிகுதி; சிலருக்கு விரல்களின் பிடி சில வாரங்களுக்குத் தளரலாம். செலவும் கூடுதல். ஆயினும் இதற்கு ஒரு பெரும் சிறப்புண்டு: விளைவு பிடிக்கவில்லையெனில் சில மாதங்களில் அது தானே விலகிவிடும். அறுவைக்கு அச்சிறப்பு இல்லை.

அறுவை முறை வளர்ந்த வரலாறு

பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அக்காலத்தில் வலிப்பு முதலிய வேறு நோய்களுக்காகவே அதனைச் செய்தனர். மிகை வியர்வைக்காக அதனை முதலில் செய்தவர் கோட்சாரெஃப், ஆண்டு 1920. அப்போது கழுத்தையோ முதுகையோ மார்பையோ பெரிதாகத் திறந்தே நரம்பை அடைய வேண்டியிருந்தது. 1942-இல் ஹியூஸ் என்பவர் மார்பு உள்நோக்கியின் துணையுடன் இதனைச் செய்தார். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரைச் சேர்ந்த குக்ஸ், 1954-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்நோக்கி அறுவைகளைப் பற்றி எழுதினார். எனினும், நுண்ணிய வீடியோ கேமராக்கள் வந்த 1990-களில்தான் இம்முறை உலகெங்கும் பரவியது. பெரிய வெட்டுக்காயம் இல்லாமற்போனதும், அறுவை செய்துகொள்ளத் தயங்கியோரின் எண்ணிக்கை சட்டெனக் குறைந்தது. நெடுங்கால விளைவுகள் பரவலாகத் தெரிய வந்ததும் அதன் பின்னரே.

அறுவை எவ்வாறு செய்யப்படுகிறது?

நோயாளிக்கு முழு மயக்கம் தரப்படும். அக்குளின் கீழே, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவில், ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ துளைகள் இடப்படும். அப்பக்கத்து நுரையீரலைச் சற்றே சுருங்கச் செய்து இடம் உண்டாக்கிக்கொள்வர். முதுகெலும்பின் ஓரமாக, விலா எலும்புகளின் தலைப்பகுதிமீது, வெண்ணிற இழைபோல மேலிருந்து கீழாக ஓடும் பரிவு நரம்புச் சங்கிலி கேமராவில் தெரியும். குறிப்பிட்ட விலாவின்மீது அதனை மின்சூட்டால் துண்டிப்பர். அல்லது உலோகக் கிளிப்பால் இறுக்குவர். நுரையீரலை மீண்டும் விரியச் செய்து துளையை மூடியபின் மறுபக்கமும் அவ்வாறே செய்வர். நரம்பு துண்டிக்கப்பட்ட சிறிது நேரத்தில் உள்ளங்கையின் வெப்பம் ஏறும். செயல் முற்றுப்பெற்றதற்கு அதுவே அடையாளம். பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

மயக்கம் தெளிந்து கண்விழிக்கும்போதே கைகள் உலர்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். பல ஆண்டுகள் கைக்குட்டையும் கையுமாக வாழ்ந்தவருக்கு அது பெரும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது முதல் நாளின் கணக்கு மட்டுமே.

எங்கள் பகுதியில் காசநோயோ நுரையீரல் உறை நீர்க்கோவையோ முன்பு வந்து குணமானவர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் சிலருக்கு நுரையீரல் மார்புச் சுவருடன் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்நிலையில் உள்நோக்கி அறுவை கடினமாகும், சிலருக்கு இயலாமலும் போகும். ஆகையால் சிறுவயதில் கொண்ட மருந்துகளைக்கூட மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உடனடி இடர்கள்

பயிற்சி பெற்ற கைகளில் இது பாதுகாப்பான அறுவையே; எனினும் இடர் அறவே இல்லாதது அன்று. மார்புக் கூட்டில் காற்று தங்குதல், இரத்தக்கசிவு, விலா நரம்பு வலி ஆகியவை நேரலாம். இவற்றுள் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடும். நரம்புச் சங்கிலியின் உச்சியிலுள்ள நட்சத்திர வடிவ முடிச்சு சேதமுற்றால், அப்பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தாழ்ந்து கண்மணி சிறுத்துக் காணப்படும். இது ஹார்னர் குறைபாடு எனப்படும். இதயத்துக்குச் செல்லும் பரிவு நரம்புகளும் இதே சங்கிலியிலிருந்து பிரிவதால், நாடித்துடிப்பு சற்றுக் குறையலாம். பெரிய இரத்தக்குழாய் அறுபடுதல் போன்ற உயிர் அச்சுறுத்தும் நிகழ்வுகள் மிக அரியவை. ஆயினும் ஒப்புதல் படிவத்தில் அவை இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு.

ஈடுசெய் வியர்வை: கவனத்துக்குரிய முதன்மை விளைவு

கைகள் உலர்ந்த பின், முதுகு, மார்பு, வயிறு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் முன்பைவிட மிகுதியாக வியர்க்கத் தொடங்குவதே ஈடுசெய் வியர்வை. இது அறுவையில் நேர்ந்த பிழையன்று. அறுவை சரியாகச் செய்யப்பட்டவர்களுக்கும் வரும். பரிவு நரம்பிலிருந்து ஹைப்போதலாமஸுக்குச் செல்லும் பின்னூட்டம் தடைப்படுவதால், உடலின் கீழ்ப்பகுதிக்குக் கட்டளை மிகையாகச் செல்கிறது என்பது ஒரு விளக்கம். மேற்பகுதி வியர்க்காததால் உடலைக் குளிர்விக்கும் பணி கீழ்ப்பகுதிக்கு மாறுகிறது என்பது மற்றொரு விளக்கம்.

வெவ்வேறு ஆய்வுகளில் இதன் அளவு பெரிதும் வேறுபடுகிறது. மிகச் சிலருக்கே வந்ததாகச் சொல்லும் ஆய்வும் உண்டு; ஏறத்தாழ எல்லாருக்கும் வந்ததாகச் சொல்லும் ஆய்வும் உண்டு. எதனை ஈடுசெய் வியர்வை எனக் கணக்கிடுவது, எத்தனை ஆண்டு கழித்துக் கேட்பது, எந்த நாட்டில் கேட்பது என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது. பலருக்கு அது மிதமானது. வெயிலிலும் உழைப்பிலும் மட்டும் தோன்றும். ஒரு சிறு பகுதியினருக்கோ நாளுக்குப் பலமுறை சட்டை மாற்றும் அளவுக்குக் கடுமையாகும். அத்தகையோர், அறுவைக்கு முன்னிருந்த நிலையே மேல் என வருந்துவதும் உண்டு. எவருக்குக் கடுமையாக வரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை.

இன்னொரு விளைவு, உண்ணும்போது முகத்தில் வியர்ப்பது. காரமான குழம்பையோ புளிப்பான ஊறுகாயையோ நினைத்தாலே சிலருக்கு நெற்றி வியர்க்கும். தீங்கற்றதெனினும் விருந்துகளில் சங்கடம் தரும். உள்ளங்கை அளவுக்கு மேல் உலர்ந்து வெடிப்பதும் உண்டு. அதற்கு நாள்தோறும் எண்ணெயோ களிம்போ தடவ நேரும்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கணக்கு

நெடுங்கால விளைவை ஆராய்ந்த ஆய்வுகளுள் வியன்னா மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. மேற்கை வியர்வைக்காக 270 பேருக்குச் செய்யப்பட்ட 480 உள்நோக்கி அறுவைகளை அவர்கள் ஆராய்ந்தனர். அறுவை முடிந்து சராசரியாகப் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆன பின், அந்நோயாளிகளின் நிலையைக் கேட்டறிந்தனர். கிடைத்த விடைகள் இவை:

• அறுவையால் வியர்வை நின்று நலம் பெற்றவர்கள் 98.1 விழுக்காடு.
• தொடக்கத்தில் மனநிறைவு தெரிவித்தவர்கள் 95.5 விழுக்காடு.
• கை வியர்வை மீண்டும் வந்தவர்கள் 1.5 விழுக்காடு மட்டுமே.
• ஈடுசெய் வியர்வை நிலைத்தவர்கள் 67.4 விழுக்காடு.
• உண்ணும்போது முகம் வியர்ப்பவர்கள் 50.7 விழுக்காடு.
• ஹார்னர் குறைபாடு நிலைத்தவர்கள் 2.5 விழுக்காடு.
• நெடுங்காலம் கழித்தும் முழு மனநிறைவு கொண்டவர்கள் 66.7 விழுக்காடு, ஓரளவு மனநிறைவு கொண்டவர்கள் 26.7 விழுக்காடு.

இவ்வெண்களைச் சற்று நிதானமாக நோக்குவோம். கைகள் உலர்ந்தேயிருந்தன, அறுவை தன் பணியைச் செய்து முடித்தது. ஆயினும் மனநிறைவு காலப்போக்கில் 95.5-இலிருந்து 66.7-க்கு இறங்கியது. இதற்கான முதன்மைக் காரணங்களாக நோயாளிகள் குறிப்பிட்டவை ஈடுசெய் வியர்வையும் உண்ணும்போது வரும் வியர்வையுமே. நீங்கிய துன்பம் மெல்ல மறந்துபோகிறது. புதிதாக வந்த துன்பமோ நாள்தோறும் உடனிருக்கிறது என்று இதனை நாம் புரிந்துகொள்ளலாம். அதே வேளையில், மூவரில் இருவர் அத்தனை ஆண்டுகள் கழித்தும் முழு நிறைவுடன் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

அவ்வாய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. உள்ளங்கை வியர்வையின்றி அக்குள் வியர்வைக்காக மட்டும் அறுவை செய்துகொண்டவர்களுள் முழு நிறைவு பெற்றவர்கள் 33.3 விழுக்காட்டினரே. அக்குள் வியர்வைக்குப் பூச்சும் போட்டாக்ஸும் நல்ல பயன் தருவதால், அதற்காக மட்டும் நரம்பு அறுவையை நாடுவோர் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த ஆய்வில் இடம்பெற்றவர்களுக்குச் செய்யப்பட்டது பழைய முறை. இன்று துண்டிக்கப்படும் இடமும் அளவும் மாறியுள்ளன. ஆகையால் அவ்வெண்களை இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. ஆனால் அதன் பாடம் மாறவில்லை: கையின் வறட்சியை முதல் மாதத்தில் அளக்கலாம், வாழ்வின் நிறைவைப் பல ஆண்டுகள் கழித்தே அளக்க முடியும்.

இன்றைய வழிகாட்டுதல்கள்

அமெரிக்காவின் மார்பு அறுவை மருத்துவர் சங்கம் 2011-இல் வல்லுநர் கருத்தொன்றை வெளியிட்டது. உள்ளங்கை வியர்வைக்கு மூன்றாம் அல்லது நான்காம் விலாவின் மேல் விளிம்பில் நரம்பைத் துண்டிக்கலாம் என்றும், நான்காம் விலாவில் துண்டித்தால் ஈடுசெய் வியர்வை குறையலாம், ஆனால் கை சற்றே ஈரமாக இருக்கலாம் என்றும் அது கூறுகிறது. எலும்பு வறட்சியைவிடச் சற்றே ஈரமான கை பலருக்கு நல்ல உடன்பாடாக அமையும்.

எவருக்கு இவ்வறுவை நன்கு பொருந்தும் என்பதையும் அது குறிப்பிடுகிறது: 16 வயதுக்கு முன் வியர்வை தொடங்கியவர், உறக்கத்தில் வியர்க்காதவர், உடல் எடைக் குறியீடு 28-க்குக் கீழ் உள்ளவர், ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55-க்குக் குறையாதவர், வேறு பெருநோய் இல்லாதவர். உடல் பருத்தவர்களுக்கு ஈடுசெய் வியர்வை கடுமையாகும் வாய்ப்பு கூடுதல்.

வயதைக் குறித்துத் தைவானின் பட்டறிவையும் அறிதல் நன்று. அங்கு இவ்வறுவை பெருமளவில் நடந்தது. காலநிலையும் நம்முடையதைப் போல் வெப்பமும் ஈரமும் மிக்கது. ஈடுசெய் வியர்வை பற்றிய முறையீடுகளைத் தொடர்ந்து, 20 வயது நிரம்பாதவர்களுக்கு இவ்வறுவை செய்யலாகாதென அங்குள்ள சுகாதார அதிகாரிகள் 2004-இல் தடை விதித்தனர். தன் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் ஒரு மாற்றத்தை எடைபோடும் முதிர்ச்சி வந்தபின் அவரே முடிவெடுக்கட்டும் என்பதே அதன் உட்பொருள்.

பாத வியர்வைக்காக மார்பு அறுவையை நாடுதல் பொருத்தமன்று. கைக்காகச் செய்யப்படும் அறுவையால் சிலருக்குப் பாதமும் உலர்வதுண்டு. அதனை நம்பி முடிவெடுத்தல் கூடாது.

நம் காலநிலையும் நம் தொழிலும்

சென்னையின் வெயிலை நாம் அறிவோம். 2003 மே 31 அன்று இந்நகரில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடற்காற்றின் ஈரம் வியர்வையை எளிதில் ஆவியாக விடுவதில்லை. குளிர்நாட்டில் மிதமாகத் தோன்றும் ஈடுசெய் வியர்வை இங்கே கடுமையாகத் தோன்றக்கூடும். குளிரூட்டிய அறையில் கணினிமுன் அமர்பவருக்கும், வார்ப்பட உலையருகே நிற்பவருக்கும், நாளெல்லாம் இருசக்கர வண்டியில் பொருள் கொண்டுசேர்ப்பவருக்கும் ஒரே அறுவை ஒரே பயனைத் தராது. இன்று உள்ள வேலையை மட்டுமன்றி, இன்னும் பத்தாண்டில் செய்ய நேரும் வேலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படையில் சேர விரும்பும் இளைஞர்கள் இவ்வட்டாரத்தில் பலர். கடுமையான உள்ளங்கை, உள்ளங்கால் வியர்வை, ஆயுதப்படைத் தேர்வின் மருத்துவச் சோதனையில் தகுதியின்மைக்குக் காரணமாகக் கொள்ளப்படுவதுண்டு. ஆகையால் தேர்வுத் தேதியைக் குறித்துக்கொண்டு அறுவைக்கு விரைவோர் உள்ளனர். அறுவை செய்துகொண்டால் தேர்வாகிவிடலாம் என எந்த மருத்துவராலும் உறுதி கூற இயலாது. உரிய விதிகளை முதலில் படித்தறிந்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். கைரேகை பதியாத சிக்கலுக்கு மட்டும் அறுவை தேவையில்லை; ஆதார் சரிபார்ப்புக்குக் கண்ணின் கருவிழிப் பதிவும் உண்டு.

கிளிப்பை நீக்கினால் பழைய நிலை திரும்புமா?

கிளிப் முறை வந்தபோது, விளைவு பிடிக்காவிட்டால் அதனை நீக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. கிளிப்பை நீக்கிய சிலருக்கு ஈடுசெய் வியர்வை தணிந்துள்ளது. வேறு பலருக்குத் தணியவில்லை. நரம்பு நசுங்கியபின் மீளுமென்பது உறுதியன்று. ஆதலால் எம்முறையில் செய்துகொண்டாலும், இது மீட்க இயலாத அறுவை என எண்ணியே முடிவெடுத்தல் அறிவுடைமை.

ஒப்புதல் தருமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் வியர்வை முதல் வகையைச் சேர்ந்தது என்பது எவ்வாறு உறுதி செய்யப்பட்டது? தைராய்டு, சர்க்கரைச் சோதனைகள் செய்யப்பட்டனவா?
2. பூச்சு, மின்நீர்ச் சிகிச்சை, மாத்திரை, ஊசி ஆகியவற்றுள் நான் இன்னும் முயலாதது எது?
3. எந்த விலாவின்மீது நரம்பைத் துண்டிப்பீர்கள்? அதற்கான காரணம் என்ன?
4. நீங்கள் அறுவை செய்தவர்களை எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துள்ளீர்கள்? அவர்களுள் கடுமையான ஈடுசெய் வியர்வை எத்தனை பேருக்கு வந்தது?
5. என் நாடித்துடிப்பு, உடல் எடை, பழைய நுரையீரல் நோய் ஆகியவை இதற்குத் தடையாகுமா?
6. ஈடுசெய் வியர்வை வந்தால் அதற்கு எவ்வகைச் சிகிச்சை கிடைக்கும்?

இவற்றுக்கு விடை பெற்ற பின் வீட்டுக்குச் சென்று சில வாரங்கள் சிந்திக்க வேண்டும். இவ்வறுவைக்கு அவசரம் எதுவும் இல்லை. இயலுமாயின் கோடைக்காலத்தில் ஒரு முழு வாரம், உங்கள் முதுகும் மார்பும் இப்போது எவ்வளவு வியர்க்கின்றன என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உடல் மிகுதியாக வியர்ப்பவர் அதனை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்களுக்கு

ஈடுசெய் வியர்வை வந்துவிட்டதெனில் மனம் தளர வேண்டா. அதைத் தணிக்க வழிகள் உண்டு. ஆக்ஸிபுட்டினின் மாத்திரை பலருக்குக் கைகொடுக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் வியர்ப்பவருக்குப் போட்டாக்ஸ் உதவலாம். மெல்லிய பருத்தி ஆடை, மாற்றுச் சட்டை, போதிய நீர், வியர்வையுடன் இழக்கும் உப்பை ஈடுசெய்ய மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவை அன்றாடத் துணை. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் ஈரம் தங்கினால் படர்தாமரை பற்றும். அவ்விடங்களை உலர வைத்தல் இன்றியமையாதது. கடைகளில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தடவினால் படர்தாமரை மேலும் பரவும். மேலும், தலையும் கைகளும் மார்பின் மேற்பகுதியும் வியர்க்காத உடல் வெயிலில் விரைவில் சூடேறலாம். நண்பகல் வெயிலில் கடுமையாக உழைப்பதைத் தவிர்ப்பது நலம்.

குடும்பத்தாருக்கு

"பயந்தால் எல்லாருக்கும்தான் வியர்க்கும், மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்னும் அறிவுரை இந்நோயைக் குறைக்காது, மறைக்கவே தூண்டும். இது மனக்கோழை அன்று, நரம்பின் இயல்பு. அவ்வாறே, திருமணப் பேச்சு தொடங்கிவிட்டது, விடுமுறை முடிகிறது என்ற காரணங்களுக்காக மகனையோ மகளையோ அறுவைக்கு விரைவுபடுத்தவும் கூடாது. உலர்ந்த கைகளுடன் வாழப்போவதும் நனைந்த முதுகுடன் வாழ நேர்ந்தால் அதனைத் தாங்கப்போவதும் அவரே.

உள்ளங்கை வியர்வை கடுமையாக இருந்து, பிற சிகிச்சைகளை முயன்று பயன் காணாது, பின்விளைவை முழுதும் அறிந்து ஏற்பவருக்கு இவ்வறுவை நல்ல பயன் தரும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் காத்திருப்பதே மேல். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, மேலே தந்துள்ள ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். விடை சொல்ல நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.